கண்ணாடிக்குள் இருந்த கை

பக்கவாதத்தில் வலது கை விழுந்தபோது என் வீட்டுக்காரர் தொக்தார் கைக்காக அழவில்லை. ஆட்டுத்தலைக்காக அழுதார். எங்கள் கசாக் விருந்துகளில் அவித்த தலையைப் பெரியவர் முன்னால் வைப்பார்கள். அவர் அதன் கன்னத்தில் ஒரு துண்டு அறுத்த பிறகுதான் மற்றவர்கள் கறியில் கை வைக்கலாம். இப்போதோ அவர் உட்கார்ந்திருக்கும்போதே தலை தம்பி சாபித்துக்குப் போனது. மனுஷன் வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்கள் மகள் மெருயெர்த், கரகண்டா நகரத்தில் உள்ள ஒரு சிகிச்சை மையத்திலிருந்து வி.ஆர். கண்ணாடி வாங்கி வந்தாள். அதில் கைபேசியைச் செருகி முகத்தில் மாட்டி, மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டினால் விளையாட்டு தொடங்கும். உள்ளே ஆப்பிள் விழும், இவர் பிடிக்க வேண்டும்.

“பிடிச்சிட்டேன்டி! கை தலைக்கு மேல போகுது பாரு!”

பார்த்தேன். கை முழங்காலை விட்டு ஓர் அங்குலம் எழும்பியிருந்தது.

“யோவ் கிழவா, உன் கை மடியிலதான்யா இருக்கு.”

“வெளிய நிக்கிறவளுக்கு என்னடி தெரியும்?”

மகளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கேட்டேன்.

“கொஞ்சம் அசைச்சா பெருசா காட்டும்மா. அப்பதான் மூளைக்குத் தைரியம் வரும். அப்பாகிட்ட சொல்லிடாத, விட்டுடுவார்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “படிச்சவங்க எல்லாம் சேர்ந்து அவர் தலையில மிளகாய் அரைக்கிறீங்களா?”

“அந்த ஒரு அங்குலம் நிஜம்மா. போன மாசம் அதுகூட இல்ல.”

அதுவும் உண்மைதான். நானும் அவரிடம் சொல்லாமல் விட்டேன்.

சாபித்தின் பேரனுக்குத் தொட்டில் விருந்து வந்தது. பெரியவர் தட்டைத் தொட்டுவிட்டுச் சின்னவரிடம் தள்ளிவிடலாம், அதில் மானக்கேடு இல்லை. அண்ணன் தொட்டதும் தட்டை வாங்கிக்கொள் என்று சாபித்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

“நான் பாத்துக்கறேன் அண்ணி.”

தலை இவர் முன்னால் வந்தது. சாபித் கை நீட்டினான். இவர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. இடது கையால் கத்தியை எடுத்து வலது கைக்குள் வைத்து விரல்களை மடக்கினார்.

“இன்னைக்கு நானே அறுக்கிறேன்.”

எல்லோரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். கை எழும்பவில்லை. தோளால் உந்தினார். கத்தி தட்டின் விளிம்பில் இடித்தது, தலை உருண்டு அவர் மடியில் விழுந்தது. நல்ல கோட்டு முழுக்கக் கொழுப்பு. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை.

“கத்தி மொட்டைண்ணே, நேத்தே தீட்டச் சொன்னேன்,” என்று சாபித் தலையை எடுத்து அறுத்தான். முதல் துண்டை அண்ணன் வாயில் ஊட்டினான். பாசத்தில்தான் செய்தான். ஆனால் பெரியவர் சின்னவருக்கு ஊட்டுவதுதான் எங்கள் வழக்கம். அத்தனை பேர் முன்னால் என் கணவர் அதை மென்று விழுங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டார்: “கண்ணாடிக்குள்ள தெரிஞ்சது யார் கை?”

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“நல்ல கை,” என்றார். விருந்துக்கும் கழற்றாமல் கட்டியிருந்த பட்டையைப் பல்லால் அவிழ்த்துப் போட்டார்.

“அந்த ஒரு அங்குலம் உங்களோடதுப்பா!” என்று அவள் எவ்வளவோ கெஞ்சினாள். பிறகு அவர் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை.

பனி விழத் தொடங்கியபோது அந்த அங்குலமும் போய்விட்டது. அது கண்ணாடி காட்டிய பொய் இல்லை, அவரே பாடுபட்டுச் சம்பாதித்தது. அதை மட்டும் அவரை நம்பவைக்க எங்களால் முடியவில்லை.