சந்தை என் உத்தரவு

ரொட்டிக்கு நிற்கும் வரிசையைச் சுடச் சொல்லி வந்த உத்தரவை பிரிகேடியர் முன்திர் முதலில் நம்பவில்லை. கொண்டுவந்தவன் உளவுத்துறைக் கர்னல் வஜ்தி. பதவியில் முன்திருக்குக் கீழே, அதிகாரத்தில் எங்கேயோ மேலே. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, முன்திருக்காக வைத்திருந்த மாத்தே மூலிகைத் தேநீரை எடுத்து உறிஞ்சினான். முன்திரை அவர் மகன் பெயரை வைத்து 'அபூ யஸன்' என்றுதான் கூப்பிடுவான்.

"கீழே தல் ரும்மான் ஊர்ல அந்த ஒரு பேக்கரிதான் ஓடுது அபூ யஸன். காலைல கூட்டம் சேர்ந்ததும் நாலு குண்டு போடுங்க. ஊரே வாயை மூடிடும்."

"வரிசைல நிக்கிறது பொம்பளைங்கய்யா!"

"அவங்க வாங்கிட்டுப் போற ரொட்டியைத் தின்னுட்டுத்தானே அவங்க புருஷனுங்க நம்மளைச் சுடறானுங்க?"

"என் பீரங்கி இதுக்குச் சுடாது."

"உங்க பீரங்கியா?" வஜ்தி சிரித்தான். "வசந்த காலத்துல சந்தையைச் சுட்டப்போ இந்த வாய் எங்கே போயிருந்துச்சு?"

அப்போது முன்திரிடம், தல் ரும்மான் சந்தையில் ஆயுதம் இறக்குகிறார்கள் என்றார்கள். யார் பார்த்தது என்று அவர் கேட்கவில்லை, சுடச் சொல்லிவிட்டார். பிறகு யாரோ கைப்பேசியில் காட்டிய படத்தில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராணுவக்காரன் நீதிபதி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கோடையை ஓட்டினார்.

மறுநாள் காலை அவரே பீரங்கிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தன்னை மீறி எவன் சுடுகிறான் பார்ப்போம் என்ற வீம்பு. ஆனால் குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய இன்னொரு அணியிடம் வஜ்தி நேராகப் போயிருந்தான். சத்தம் அங்கிருந்து வந்தது. கீழே தல் ரும்மானில் புகை எழுந்தது. முதலில் வெள்ளையாக இருந்தது. மாவு.

அன்று சாயங்காலம் அரசுத் தொலைக்காட்சியில், பயங்கரவாதிகள் தங்கள் ஊர் பேக்கரிக்குத் தாங்களே குண்டு வைத்துவிட்டதாக ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். முன்திர் கையிலிருந்த தட்டை அப்படியே சுவரில் அடித்தார்.

"கொன்னதும் நாங்க. அழறதும் நாங்களா? வெட்கங்கெட்ட நாய்ங்க!"

மனைவி இஃப்பத் உடைந்த துண்டுகளைப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் போன வருஷமே சொன்னேன், போயிடலாம்னு. பென்ஷன், பதவின்னீங்க. இப்பவாவது வாயால கத்தறதை விட்டுட்டுக் காலை எடுத்து வைங்க."

தங்கை மகள் கல்யாணம் என்று சொல்லி இஃப்பத் பிள்ளைகளோடு எல்லை தாண்டினாள். அவள் துருக்கி போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி வந்த வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்ததும், முன்திர் முழுச் சீருடையில் ஜீப்பை எடுத்தார். கடைசிச் சோதனைச் சாவடியில் காவலர்கள் விறைப்பாகச் சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கினார்கள். அதற்கப்பால் ஆலிவ் தோப்புகள். ஜீப்பை நிறுத்தி, வெள்ளை உள்பனியனைக் கழற்றி, அதைச் சமாதானக் கொடிபோல ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டித் தல் ரும்மானுக்குள் நுழைந்தார்.

ஊரின் போராளிகளுக்குத் தலைவன் ஹஸ்ஸூன். கலகத்துக்கு முன் மருந்துக்கடை வைத்திருந்தவன். அவன் முன்திரைக் கட்டித் தழுவி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். "ஒரு பிரிகேடியர்! அல்லாஹ்வே, எங்களுக்கு ஒரு பிரிகேடியர்!" என்று குதித்தான். பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் கொடியை மாட்டி, கேமராவை நிறுத்தி, அவர் பேச வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தான்.

"மக்களைச் சுடச் சொன்னாங்க, மறுத்துட்டு வந்துட்டேன். அவ்வளவு போதும் ஐயா. உலகமே பார்க்கும்."

முன்திர் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபோது கதவருகே தள்ளுமுள்ளு. காவலுக்கு நின்றவனை இடித்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். உம்மு தைசீர். மகள் பேக்கரி வரிசையில் செத்தாள். கணவன் அதற்கு முன்பே சந்தையில்.

"இவன்தானா?" என்றாள். "இத்தனை நாள் எங்கேடா இருந்தே? மலை மேல உட்கார்ந்து என்னத்தை எண்ணிக்கிட்டிருந்தே? எங்க பொணத்தையா?"

"உம்மு தைசீர், கொஞ்சம் பொறும்மா, படம் எடுக்கறோம்..." என்றான் ஹஸ்ஸூன்.

"எடு! நல்லா எடு! இவன் மூஞ்சிக்குப் பவுடர் பூசி எடு!"

முன்திருக்குக் காது சுட்டது. உயிரைப் பணயம் வைத்து வந்தவனுக்கு இதுதான் வரவேற்பா என்று ஒரு கணம் கோபம் பொங்கியது. அவள் கண்ணைப் பார்த்ததும் அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. கேமராவைப் பார்த்துத் திரும்பினார்.

"பேக்கரியைச் சுடச் சொன்னாங்க. நான் மறுத்தேன். என் ஆளுங்களை வெச்சே சுட்டாங்க. வசந்த காலத்துல சந்தையைச் சுட்டது என் உத்தரவு. யாரும் என் தலைல துப்பாக்கி வைக்கலை. நானே சொன்னேன்."

ஹஸ்ஸூன் பாய்ந்து வந்து கேமராவைப் பொத்தினான்.

"பைத்தியமா உங்களுக்கு? அந்தச் சந்தைப் பேச்சை வெட்டிடலாம். அவனுங்க கையில நாமளே கத்தியைக் கொடுக்கணுமா?"

"வெட்டினா நான் வந்ததே வீண்."

"ஐயா, இது போர்! கொஞ்சம் நெளிவு சுளிவா..."

"பொய் சொல்லணும்னா நான் அங்கேயே இருந்திருப்பேனேடா!" முன்திர் மேஜையில் ஓங்கி அறைந்தார். "அங்கே சம்பளமாவது கொடுத்தான்!"

படம் வெட்டாமலேயே வெளியே போனது. அரசுத் தொலைக்காட்சி சந்தைப் பேச்சை மட்டும் எடுத்து, பயங்கரவாதிகளோடு சேர்ந்த கொலைகாரன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று நாள் முழுக்கப் போட்டது. பேக்கரியைச் சுடச் சொன்ன வஜ்திக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தல் ரும்மானில் முன்திரைப் பள்ளிக்கூடத்திலேயே பூட்டி வைத்தார்கள்.

இஃப்பத் தொலைபேசியில் வெடித்தாள். "செய்யச் சொன்னவன் தோள்ல நட்சத்திரம் குத்திக்கிட்டுத் திரியறான். உண்மையைச் சொன்ன நீங்க உள்ளே! இது எந்த ஊரு நியாயம்? எல்லை பக்கத்துலதானே இருக்கு, வந்துடுங்க!"

"விசாரிக்கணும்னு சொல்லியிருக்காங்க. ஓடி வந்தா நானும் வஜ்தியும் ஒண்ணுதான் இஃப்பத்."

மறுமுனையில் அவள் அழுதாள். அவரும் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

விசாரணை மசூதி முற்றத்தில் நடந்தது. நீதிபதியாக உட்கார்ந்தவர் ஷேக் ருஷ்தி. முன்பு நகரத்தில் வக்கீல். பீரங்கி தெரிந்த ஒரே ஆளைத் தூக்கிலிட்டால் ஊரே போய்விடும் என்று ஹஸ்ஸூன் கத்தினான். ரத்தத்துக்கு ரத்தம் என்று பாதிக் கூட்டம் கத்தியது. ஷேக் எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில் உம்மு தைசீரைக் கேட்டார்.

"இவன் செத்தா எனக்கு யார் திரும்பி வரப்போறாங்க?" என்றாள். "ஆனா இவனை எங்களுக்குத் தளபதியா நிறுத்தினீங்கன்னா, நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்."

சண்டை ஓய்ந்து ஒழுங்கான நீதிமன்றம் வரும்வரை வழக்கு நிற்கும் என்று தீர்ப்பானது. அதுவரை முன்திருக்குப் பதவியில்லை, ஆயுதமில்லை, ஊரைவிட்டுப் போக அனுமதியும் இல்லை. ராணுவத்திடமிருந்து கைப்பற்றிய வயர்லெஸ் கருவியை மட்டும் அவர் மடியில் வைத்தார்கள். மலை மேல் பேசும் சங்கேத வார்த்தையெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தப் பீரங்கி எந்தத் தெருவைப் பார்த்துத் திரும்புகிறது என்று கேட்டு, மசூதி ஒலிபெருக்கியில் சொல்வதே அவர் வேலையாயிற்று.

"வடக்குத் தெரு! எல்லாரும் கீழே இறங்குங்க! கிணத்துப் பக்கம் யாரும் நிக்காதீங்க!"

முதல் வாரம் பலர் அந்தக் குரலுக்கு வேண்டுமென்றே அசையாமல் நின்றார்கள். பிறகு ஒரு காலை, அவர் சொன்ன தெருவில் அவர் சொன்னபடியே குண்டு விழுந்தது. ஓடியவர்கள் பிழைத்தார்கள். அதற்குப் பின் அந்தக் குரல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடும் பழக்கம் ஊருக்கே வந்துவிட்டது.

உம்மு தைசீரும் ஓடினாள். ஒருநாள் பதுங்கு குழியில் பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, அந்த ஆளை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"மன்னிப்பாவது மண்ணாவது!" என்று சீறினாள் உம்மு தைசீர். "குரலைக் கேட்பேன். மூஞ்சியைக் காட்டச் சொல்லாதே."