ஒரு கடைவாய்ப் பல்லின் வீழ்ச்சி

எழுத்துலகம் எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கையிலிருக்கும் டீயைக் கீழே வையுங்கள். 'சிந்தனைச் சிகரம்' வலைப்பதிவின் நிறுவனரும், ஆசிரியரும், பெரும்பாலான நாட்களில் ஒரே வாசகருமாகிய தலையங்கம் அவர்கள், சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் முதல், தம்மைவிடப் பெயர்பெற்ற வலைப்பதிவர்கள் மேல் கொண்டிருந்த பொறாமையை முற்றாகத் துறந்துவிட்டதாக உலகுக்கு அறிவித்தார்.

துறவோடு ஒரு பல்லும் போயிற்று. அதை அறிவிப்பில் சேர்க்கவில்லை.

தலையங்கம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் வைத்தது. "ஃபேனைப் போடுங்க" என்று சொல்லவேண்டிய இடத்தில், "இவ்வறையின் காற்றோட்டம் குறித்து நாம் ஒரு முடிவுக்கு வரவேண்டிய தருணம் இது" என்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிப் போடுகிறவர்களுக்கு அவர் அனுப்பும் பதில் இரண்டு பக்கம் ஓடும். கடைசி வரி வரை படித்தாலும் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. தண்ணீரின் அருமை மட்டும் தெரியும்.

இப்படிப்பட்ட ஒருவர் வலைப்பதிவு தொடங்காமல் இருப்பாரா? தொடங்கினார். 'தனிமையின் ஏழு படிக்கட்டுகள்', 'மௌனம் என்னும் பேராறு', 'காலமும் நானும்' என்று வாரம் ஒன்றாக ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது: "அருமை மாமா! ஆழமான கருத்து." எழுதியவன் மனைவியின் தம்பி. பதிவு ஏறிய ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிடுவான். ஒருமுறை தலைப்பை மட்டும் ஏற்றிவிட்டுக் கட்டுரையை ஒட்ட மறந்துவிட்டார். அன்றைக்கும் ஆழமான கருத்துதான்.

இதெல்லாம்கூட அவரைப் பாதிக்கவில்லை. பெரிய எழுத்துக்குக் கூட்டம் சேராது என்று அவருக்குத் தெரியும். அவரைப் பாதித்தது, அவர் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா.

அந்த அம்மாவும் ஒரு வலைப்பதிவு தொடங்கினார். பெயர், 'ஆ காட்டுங்க'. இதெல்லாம் ஒரு பெயரா என்று தலையங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பெயரைக் கேட்டு அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான். டாக்டர், பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், தன்னிடம் வருகிறவர்களைப் பற்றி எழுதினார். பல்செட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு, சாப்பாடு சரியில்லை என்று வீட்டில் சண்டைபோட்ட அண்ணன் தம்பியைப் பற்றி ஒரு பதிவு. டாக்டரின் விரலை நறுக்கென்று கடித்துவிட்டு, "வலிக்குதா ஆன்ட்டி? வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்க, சரியாயிடும்" என்று ஆறுதல் சொன்ன சிறுமியைப் பற்றி ஒரு பதிவு. அவ்வளவுதான் எழுத்து. உவமை கிடையாது, தரிசனம் கிடையாது, படிக்கட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஊரே படித்தது.

தலையங்கம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கிளினிக் வாசலைக் கடந்தாக வேண்டும். கண்ணாடிக் கதவுக்குள்ளே கன்னம் வீங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிரித்தால் வலிக்கும். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுத்த பதிவைத் தள்ளுவார்கள். பல்வலியோடு சிரிக்கவைக்கிற எழுத்து எப்படி இலக்கியமாகும் என்று அவர் கேட்டார். லிஃப்டில் தனியாக நின்று கேட்டதால் பதில் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் அங்கேயும் அதே. அவர் மனைவி ஒரு துணிக்கடையில் ஆல்ட்டரேஷன் பிரிவில் இருக்கிறார். பேன்ட் உயரம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, இடுப்பு விடுவது. மாலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கொண்டுவந்த மிச்ச வேலையை முடித்துக்கொண்டே, மெஷின்மேல் போனைச் சாய்த்துவைத்துப் படிப்பார். மெஷின் திடீரென்று நிற்கும். ஒரு சிரிப்பு கேட்கும். மறுபடி மெஷின் ஓடும்.

"என்ன அப்படி ஒரு சிரிப்பு?" என்பார் தலையங்கம்.

"ஒண்ணுமில்லைங்க. டாக்டர் எழுதியிருக்காங்க."

"என் 'மௌனம்' படிச்சியா?"

"படிச்சேனே."

"எப்படி இருந்தது?"

"அமைதியா இருந்ததுங்க."

இதற்குப் பிறகு ஒரு மனிதனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? மெஷின் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் எழுத்துக்காக நிற்கவேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அது நடக்கிறவரை அந்தக் கண்ணாடிக் கதவைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். 'நடுநிலையாளன்' என்ற பெயரில் டாக்டரின் பதிவுகளுக்குக் கீழே போய், "எளிமை வேறு, வெறுமை வேறு" என்று குத்திவிட்டு வருவார். "நன்றி நடுநிலையாளன், வாரம் தவறாமல் வருகிறீர்கள்!" என்று டாக்டர் பதில் எழுதுவார். அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

சோறு இறங்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. கீழ் இடதுபக்கக் கடைவாய்ப் பல்.

முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்றது. பிறகு சூடு பட்டால். பிறகு எதுவும் படாமலே. அவர் வலதுபக்கம் மட்டும் மென்றார். கிராம்பை அதக்கிக்கொண்டு அலுவலகம் போனார். வாயைத் திறக்கப் பயந்து, "ஃபேனைப் போடுங்க" என்று சுருக்கமாகச் சொன்னபோது, பிரிவே திடுக்கிட்டு எழுந்து, சாருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தது.

"கீழ இறங்கினா டாக்டர் இருக்காங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மனைவி.

"வலி ஒரு ஆசான். அதை அவசரப்பட்டு அனுப்பிவிடக் கூடாது."

"ஆசானுக்குக் கன்னம் வீங்கியிருக்கு பாருங்க."

அவர் 'வலி என்னும் ஆசான்' என்று ஒரு பதிவு எழுதினார். வலி பற்றி எல்லாம் இருந்தது, பல் மட்டும் இல்லை. அருமை மாமா.

தாங்கமுடியாமல் ஒருநாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு பல் டாக்டரிடம் போனார். அந்த இளைஞர் வாயைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"சார், 'ஆ காட்டுங்க' டாக்டர் பில்டிங்லயா இருக்கீங்க? அந்த அடிக்கடி நிக்கிற லிஃப்ட் உங்க லிஃப்ட்தானா! நான் அவங்க எழுத்துக்கு அடிமை சார். ஒரு பதிவை வெயிட்டிங் ரூம்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன், பார்த்தீங்களா?"

தலையங்கம் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். சிகிச்சை தொடங்கவே இல்லை. இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தார். வழியெல்லாம் பள்ளம்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் ஒரு துண்டு ரொட்டியைக் கடித்தார். டொக்கென்று உள்ளே ஏதோ கேட்டது. அடுத்து அவர் போட்ட சத்தத்தில் எழுத்தின் சாயலே இல்லை. மனைவி கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல், அவர் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் தள்ளி, தரைத்தளப் பொத்தானை அழுத்தினார்.

"வாங்க சார், வாங்க!" என்றார் டாக்டர். "மேல் வீட்டுக்காரர் இப்பவாவது கீழ இறங்கி வந்தீங்களே. ஆ காட்டுங்க."

காட்டினார். காட்டும்போது, எதிரியின் வலைப்பதிவின் பெயருக்கு முழு உடலால் கீழ்ப்படிகிறோம் என்ற உணர்வு அவருக்கு இருந்தது.

பல் டாக்டர் சொல்லக்கூடாத ஒரு சொல் உண்டு. டாக்டர் அதைச் சொன்னார். "ஐயையோ."

"என்ன டாக்டர்?" என்றார் மனைவி.

"பல்லு வேர் வரைக்கும் பிளந்திருக்கும்மா. எத்தனை நாளா வலி?"

"ஆ, ஆ…" என்றார் தலையங்கம்.

"மாசக்கணக்கா டாக்டர்."

"முன்னாடியே வந்திருந்தா பல்லைக் காப்பாத்தியிருக்கலாமே! இப்ப எடுக்கறதைத் தவிர வழியில்லை. மத்த பல்லெல்லாம்கூட மழமழன்னு தேஞ்சிருக்கு. சார் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாரா?"

"கடிக்கிறாரான்னா கேக்கறீங்க? மிக்ஸியில கூழாங்கல்லைப் போட்டு ஓட்டினா மாதிரி இருக்கும். பக்கத்து வீட்ல வந்து, ஏதாவது மராமத்து நடக்குதான்னு கேட்டுட்டுப் போனாங்க."

"எப்பலேருந்து?"

மனைவி இஞ்ச் டேப்பின் நுனியைத் திருகிக்கொண்டே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத பெண்மணி. அது பல குடும்பங்களில் காணப்படும் குறை.

"நீங்க எழுத ஆரம்பிச்சீங்கல்ல, டாக்டர்? அதுலேருந்து."

"ஆஆ! ஆ, ஆ!" என்றார் தலையங்கம். ஆதாரமற்ற இக்குற்றச்சாட்டை வன்மையாக மறுக்கிறேன் என்பது அதன் பொருள்.

"பேசாதீங்க சார், நாக்கு குறுக்க வருது" என்று டாக்டர் ஊசியைப் போட்டார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் தலையங்கம் வெற்றிக்களிப்பைத் தேடினார். அவருக்குத் தெரிந்தது ஆச்சரியம்தான்.

"என்னைப் பார்த்து ஒருத்தர் பல்லு உடையற அளவுக்குப் பொறாமைப்பட்டாருன்னு சொன்னா எங்க வீட்டுக்காரர் நம்பமாட்டார்மா" என்றார் டாக்டர். "நான் ஏன் எழுதறேன் தெரியுமா? காலையிலேருந்து நான் பேசிக்கிட்டே இருப்பேன். எதிர்ல இருக்கறவங்க வாயும் திறந்துதான் இருக்கும். ஒரு பதில் வராது. அங்கதான் நாலு பேர் பதில் சொல்றாங்க. நடுநிலையாளன்னு ஒருத்தர், திட்டவாவது வாராவாரம் வந்துடுவார்."

மனைவி தலையங்கத்தைப் பார்த்தார். தலையங்கம் கூரை விளக்கைப் பார்த்தார்.

"உங்க தளத்தையும் படிச்சிருக்கேன் சார்" என்று டாக்டர் இடுக்கியை எடுத்தார்.

தலையங்கம் பிளந்த வாயோடு காத்திருந்தார்.

"'தனிமையின் ஏழு படிக்கட்டுகள்.' ரெண்டாவது படிக்கட்டு வரைக்கும் வந்தேன். அதுக்குள்ள பேஷண்ட் வந்துட்டாங்க." அந்த நேரம் பார்த்து இழுத்தார். பல் ஒத்துழைக்கவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. பல பேர் சொல்லியும் கேட்காத பல் அல்லவா.

கடைசியில் ஈறை இழுத்துத் தையல் போடும்போது, மனைவி நாற்காலியை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்து மயங்குவார் என்று டாக்டர் பயந்தார். அவரோ ரத்தத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"டாக்டர், நூலை அவ்ளோ இறுக்கினீங்கன்னா சுருக்கம் விழும்."

"விழட்டும்மா. சார் வாயை அயர்ன் பண்ணவா போறோம்?"

"இல்ல, நாளைக்கு எங்கயாவது போய் இதை யார்கிட்ட தைச்சீங்கன்னு கேட்டா? சரி, பிசிறையாவது வெட்டி விடுங்க. உள்பக்கம்தானேன்னு விட்றாதீங்க. எங்க கடையில சின்னப் பொண்ணுங்க அப்படித்தான் விட்டுடுவாங்க."

டாக்டர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலையங்கம் அசையாமல் கிடந்தார். கத்தரி அவர் வாய்க்குள் இருந்தது.

வீக்கம் வடியும்வரை வீட்டில் படுத்திருந்தவருக்கு ஒரே கவலைதான். டாக்டர் இதை எழுதிவிடுவார். எழுதினால் மானம் போகும். சற்று நேரம் கழித்து இன்னொரு கவலை வந்தது. எழுதாமல் விட்டுவிட்டால்? பெயர் வேண்டாம். 'ஓர் எழுத்தாளர் வந்திருந்தார்' என்றால் போதும். 'மூத்த' என்று முன்னால் சேர்த்தால் தடுக்கப்போவதில்லை. எப்படியும் முந்திக்கொள்வது நல்லது என்று செவ்வாய்க்கிழமை முற்பகல், கன்னத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, 'பொறாமை: ஒரு விடைபெறல்' என்ற அந்த அறிவிப்பை ஏற்றினார். மனிதகுலத்தின் பொறாமை அனைத்தும் அதில் அலசப்பட்டிருந்தது. அவருடையது மட்டும் விட்டுப்போயிருந்தது. அருமை மாமா, ஆழமான கருத்து. அதை ஏற்றிவிட்டு, டாக்டர் ஏதாவது எழுதிவிட்டாரா என்று அன்று முழுவதும் போய்ப் போய்ப் பார்த்தார்.

புதன்கிழமை மாலை மெஷின் நின்றது. சிரிப்பு வரவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். மனைவி வாயில் கைவைத்தபடி, கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?"

"என்னைப் பத்தி எழுதியிருக்காங்கங்க."

அவர் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தலைப்பு, 'தையல் தரப் பரிசோதகர்'. சுருக்கம் இருந்தது, அயர்ன் இருந்தது, பிசிறு இருந்தது. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப் இருந்தது. தன் வீட்டிலேயே, தன் முதுகுக்குப் பின்னாலேயே இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்த அந்தக் குரலை, ஜன்னலைப் பார்த்தபடி தனிமையைத் தேடிக்கொண்டிருந்த மனிதர் முதல்முறையாக எழுத்தில் கேட்டார். "யார்கிட்ட தைச்சீங்கன்னு கேட்டா?" என்ற இடம் வந்ததும் அவரையும் மீறிச் சிரிப்பு கிளம்பிவிட்டது. தையல் சுரீரென்று இழுத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்தபடியே மறு கையால் மேலே தள்ளி மறுபடி படித்தார், மறுபடி சிரித்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களைப் போலவே. பிறகு பதிவின் கீழே போய், நடுநிலையாளனை விட்டுவிட்டு, சொந்தப் பெயரில் எழுதினார்: "நன்றாக இருக்கிறது."

"உங்களைப் பத்தி என்னங்க போட்டிருக்காங்க? நான் அழுததுல சரியாப் பார்க்கலை" என்றார் மனைவி.

அவர் மேலிருந்து கீழ்வரை இன்னொருமுறை தேடினார். ஒரு வரி இருந்தது.

'கூட வந்த கணவருக்கு ஒரு பல் எடுத்தேன்.'