ரெண்டும் சோத்தாங்கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம். குப்பத்துச் சண்டியன் சேட்டு துடுப்பால் அடித்த முதல் அடியிலேயே தேவானையின் வலக்கை எலும்பு முறிந்தது. பட்டினப்பாக்கத்து மீன் சந்தையில் நிழல் விழும் இடம் அவளுடையது. அதைத் தன் புதுப் பெண்டாட்டிக்குக் கேட்டான். தேவானை எழுந்திருக்க மறுத்தாள். அவ்வளவுதான். கூடையை உதைத்து, அவள் தலைமயிரைப் பிடித்து மணலில் இழுத்தான்.

தம்பி தங்கவேல் வெறுங்கையோடு ஓடிவந்தான். துடுப்பு அவன் காதோரம் இறங்கியது. விழுந்தவன் நெஞ்சில் காலை ஊன்றி, மண்டையைப் பிளக்க சேட்டு மறுபடி ஓங்கினான். தேவானை சுறா அறுக்கும் கத்தியை இடக்கையால் எடுத்து அவன் விலாவில் இறக்கினாள். உருவி மறுபடி இறக்கினாள். சேட்டு தங்கவேலின் மேலேயே சரிந்து அடங்கினான்.

சந்தை சிதறி ஓடிவிட்டது. போலீஸ் வந்தபோது கத்தி தங்கவேலின் கையில் இருந்தது. "நான்தான் குத்னேன்," என்றான். பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. "அவன் இல்ல, நான்தான்," என்று அக்கா கதறியது யார் காதிலும் ஏறவில்லை.

தங்கவேல் மேல் போட்ட கொலை வழக்கில், செஷன்ஸ் கோர்ட்டில் அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வலக்கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

"இந்தக் கை உடைஞ்சப்புறம் நீ எப்படிக் குத்தினே?" என்றார் சர்க்கார் வக்கீல். "நீ வலக்கையால சாப்பிடறவள், வலக்கையால மீன் அறுக்கறவள். தம்பியைக் காப்பாத்தப் பொய் சொல்றே."

தேவானை இடக்கையைத் திருப்பிக் காட்டினாள். புறங்கையில் பழைய சூட்டுத் தழும்பு. "பீச்சாங்கையால துன்றேன்னு எங்கம்மா கரண்டிய காய்ச்சி வெச்சா சாமி. அப்பாலதான் சோத்தாங்கையும் பழகிக்கினேன். எனக்கு ரெண்டும் சோத்தாங்கைதான்."

ஜட்ஜ் துரைக்கு இதை எப்படிச் சொல்வதென்று மொழிபெயர்ப்பாளர் திணறினார். தங்கவேலின் மயிலாப்பூர் வக்கீல் எழுந்தார். "சவ்யசாசின்னு ஒரு வார்த்தை உண்டு. இடக்கையாலும் அம்பு விடறவன். அர்ஜுனனுக்குப் பேர்."

"அது வீரனுக்கு. இவள் மீன்காரி," என்றார் சர்க்கார் வக்கீல்.

"அந்தப் பேரெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள் தேவானை. "ஒரு கத்தி குடுங்க."

ஜட்ஜ் யோசித்து, தலையசைத்தார். மேஜைமேல் ஒரு முற்றிய தேங்காயை வைத்தார்கள். அவள் இடக்கையால் ஓங்கியதை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. ஓடு இரண்டாகித் தெறித்தது. கத்தி மேஜைப் பலகையில் ஆழமாக நின்றது. முன்வரிசை ஜூரிமார் நாற்காலியோடு பின்னுக்குப் போனார்கள்.

தங்கவேல் விடுதலையானான். அடுத்த மாதம் அவளை அதே கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். தம்பி உயிருக்காகச் செய்தாள் என்பதால் இரண்டு வருஷ ஜெயிலோடு விட்டார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு கோர்ட் படிக்கட்டில் தங்கவேல் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "உனக்குப் பதிலா நான் போயிருப்பேனேக்கா."

"கயித்துல தொங்கவா?" என்றாள். "எழுந்திரு. காலைலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல. போய்த் துன்னு."