படகுகளை நிறுத்தவும்

வெள்ளவத்தையில் பலீலின் அச்சுக்கடையில் அதிகம் விலைபோவது ‘இங்கே வாகனங்களை நிறுத்த வேண்டாம்’ என்ற கேற் பலகைதான். கொழும்பில் பாதி வாசல்களில் தொங்குவது அவருடைய தமிழ். அதை நம்பித்தான் வெளிநாட்டுத் தூதரகத்து டில்ஷானி அவரைத் தேடி வந்தாள். கள்ளப் படகேறித் தங்கள் நாட்டுக்கு வருவோரைத் தடுக்க ஆங்கிலத்தில் ஒரு சுலோகம்; அதைத் தமிழில் துணிப் பெனராக்க வேண்டுமாம்.

பலீல் பேரம் பேசாமலே ஒப்புக்கொண்டார். பேரம் வயிற்றுக்குள் இருந்தது. மகள் றுஷ்னா அந்த நாட்டில் நிறைமாதமாக இருக்கிறாள். பிள்ளைப்பேறு பார்க்கப் போகவேண்டிய மனைவி ஹமீமாவுக்கோ இரண்டு தரம் விசா இல்லையென்றுவிட்டார்கள். பெனர் திறக்க வரும் தூதரகத் துரையின் காதில் ஒரு சொல் போட்டால் போதும்.

சுலோகம் தமிழில் நீண்டுகொண்டே போனது. துணியை வளர்க்க எந்த வியாபாரிக்கு மனம் வரும்? வார்த்தையை வெட்டினார். பழகிய கை ‘படகுகளை நிறுத்தவும்’ என்று முடித்தது. தூதரக முத்திரையும் பதித்து, முகத்துவாரக் கரையில் கட்டுவித்தார்.

திறப்பு நாள் காலையில் போய்ப் பார்த்தால், துரைக்குப் போட்ட கதிரைகள் ஓரமாய்க் கிடந்தன. பெனருக்குக் கீழே வலையும் வாடையுமாய்ப் படகுகள் தோளுரசி நின்றன. நடுவில் கொட்டாஞ்சேனை மாக்ரெட். அந்த இடத்தில் படகு நிறுத்தக்கூடாதென்று மாதக்கணக்காக விரட்டப்பட்ட படகுக்காரி.

“பலீல் நானா, முத்திரை குத்தியே நிறுத்தச் சொல்லிப்போட்டினம். இனி எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்கமாட்டன்.”

பலீல் அண்ணாந்து தன் தமிழை வாசித்தார். அதற்குள் துரையின் கார் வந்துவிட்டது. இதெல்லாம் என்னவென்று துரை கேட்க, தமிழ் வாசிக்கத் தெரியாத டில்ஷானி பலீலைப் பார்த்தாள்.

“நிறுத்தச் சொன்னீங்க சேர். வாசிச்ச உடனே நிறுத்திட்டாங்க” என்றார் பலீல், தன் கடைத்தெரு இங்கிலீஷில்.

துரைக்கு வாயெல்லாம் பல். படகுகளோடு படம் பிடித்துக்கொண்டு, எவரும் முறைப்படி விமானத்தில் வந்தால் தங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

“என்ட மனிசியும் ப்ளேன்ல வரத்தான் கேட்டா சேர். ரெண்டு தரமும் நிறுத்தினது நீங்கதான்.”

துரையின் சிரிப்பு பாதியில் நின்றது. டில்ஷானியிடம் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

பிள்ளைக்கு முந்தி விசா வந்தது. பெனரைக் கழற்ற மாக்ரெட் இன்னும் விடவில்லை. ஹமீமா பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ப்ளேனுக்கு நீங்க பெனர் ஒண்டும் எழுதல்லயே?”