ஐந்து மில்லிமீட்டர் கல்

மூன்று முறை கோட்டை விட்டு, நான்காம் முறை ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானவள் அவள். பல்லிலிருந்து பாதம்வரை பரிசோதித்து, தகுதி என்று முத்திரையும் குத்திவிட்டார்கள். கிளம்ப இருபது நாள் இருக்கையில் விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலி. சிறுநீரகத்தில் கல். ஐந்தே மில்லிமீட்டர்.

அப்பாதான் ராணுவ மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு ஓடினார். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். தும்மல் வந்தாலும் அந்த வீட்டில் அங்கேதான் போகவேண்டும்; வெளி டாக்டர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அவர் கட்சி. ஊசி போட்டதும் வலி அடங்கியது. கல் இருந்த இடத்தில் இருந்தது.

நான்காம் நாள் பயிற்சிக் கல்லூரியின் படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு புதிதாக உடல்நலக் கோளாறு ஏதும் உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். கீழே கையெழுத்து.

"உண்டுன்னே போட்டுடறேம்ப்பா. ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பிடலாம்."

"பைத்தியமா உனக்கு? அதப் பார்த்த நிமிஷமே உன் ஃபைலைத் தூக்கி ஓரமா போட்டுடுவான். உள்ளயே கிடந்தவன் சொல்றேன், கேளு."

"பொய்யில்லையாப்பா அது?"

"இப்ப வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பொய்? தண்ணியக் குடி, தானா போயிடும்."

அதிகாரிகளுக்குக் கதவு திறந்துவிட்டே காலம் தள்ளிய மனிதர். தன் மகளுக்கு ஒருத்தன் கதவைத் திறப்பதைப் பார்த்துவிட்டால் போதும் அவருக்கு. அதற்காகப் பழியை அவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. அவளுக்கும் அதே பயம்தான். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

சேரும் நாளன்று அப்பா கல்லூரி வாசல்வரை கூடவே வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எதிரிலிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மருத்துவ அறையில் வரிசையாகப் பெண்கள். அங்கிருந்த டாக்டர், ஒரு மேஜர் அம்மா, அவளை மட்டும் தனியாக நிறுத்தினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம் மேடம்."

"அப்ப இது?"

அது ராணுவ மருத்துவமனையின் அறிக்கை. தொழில் என்ற இடத்தில், 'ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குச் செல்பவர்' என்று எழுதியிருந்தது. அன்று அவள் வலியில் வாய்கூடத் திறக்கவில்லை. பதிவு மேசையில் விவரம் சொன்னது அப்பா. பெருமை தாங்காமல் சொல்லியிருக்கிறார். படையில் சேரப்போகிறவர் என்றால் அறிக்கையின் ஒரு நகல் கல்லூரிக்குப் போய்விடுமாம். தெருமுனை கிளினிக்குக்குப் போயிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது.

"உண்டுன்னு போட்டிருந்தா, கல்ல எடுத்துட்டு அடுத்த பேட்ச்ல வாங்கன்னு சொல்லியிருப்போம். உங்க இடம் அப்படியே இருந்திருக்கும்."

"இப்பவே எடுத்துட்டு வந்துடறேன் மேடம்."

"பிரச்சினை இப்ப கல்லு இல்லம்மா. மறைச்சவங்கள நாங்க திரும்பக் கூப்பிடறதில்ல."

அவர் கத்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தாள். நாலு வருட ஓட்டம், நாலு வருடப் படிப்பு, எல்லாம் ஒரே ஒரு டிக்கில் பாழ். அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பெட்டியோடு வெளியே வந்தவளைக் கண்டதும் அப்பா எழுந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

கொட்டித் தீர்க்க மனசுக்குள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

"ஸ்கேன் எடுத்தாங்கப்பா. கண்டுபிடிச்சிட்டாங்க."

அவர் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அன்னைக்கு நீ சொன்ன மாதிரி உண்டுன்னே போட்டிருந்தா... சேர்த்திருப்பாங்களோ?"

"இல்லப்பா. அப்பவும் சேர்த்திருக்க மாட்டாங்க."

அப்பா நெடுமூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.