மாமியார்கண் நாற்பத்திரண்டு

அந்தப் பூவுக்கு மூன்று பெயர். ஆடு மேய்க்கிறவர்கள் மணிவாய் என்பார்கள். காற்றில் ஆட்டு மணிபோல ஆடும். துணி துவைக்கிறவர்களுக்கு அது நீலச்சொட்டு. வெள்ளையில் பட்டால் கறை போகாது. கல் உடைக்கிறவர்கள் வைத்த பெயர் மாமியார்கண். அந்தி சாய்ந்து மற்ற பூவெல்லாம் மூடினாலும் அது மூடாது.

மூன்றும் ஒரே செடி என்று கண்டுபிடித்தவன், வனத்துறையில் கடிதம் எழுதும் நான்தான். பாறையை உடைத்துச் சாலை போட அனுமதி கேட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நாற்பது செடிக்குக் குறைந்தால் அனுமதி கிடையாது. மூன்று குடியிருப்புக்கும், பூவுக்கு அவரவர் வைத்த பெயரைச் சொல்லியே, எத்தனை செடி என்று எழுதிக் கேட்டேன். பதினைந்து, பதின்மூன்று, பதினான்கு என்று பதில் வந்தது. ஒரு பாறை போனாலும் மற்ற இடங்களில் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பி, கூட்டி, கையொப்பமிட்டேன்.

பதினான்கு என்று எழுதியவள் என் அக்கா. கல் உடைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஞாயிறு காலை அவள் வீட்டுக்குப் போனேன்.

"எங்க நின்னுக்கா எண்ணின?"

"இதோ, எதிர்ல இருக்கற பாறைலதான். ஆட்டுக்காரங்க அந்தப் பக்கமா ஏறி எண்ணினாங்க. துவைக்கறவங்க ஓடைப் பக்கமா வந்தாங்க."

"மூணு பேரும் ஒரே பாறையவா?"

"வேற எங்கடா இருக்கு? எத்தனைன்னு கேட்ட, சொன்னோம். எங்கேன்னு கேட்டியா? ஊரையே கேள்வி கேட்டுத் துளைப்ப, கேக்க வேண்டியத மட்டும் விட்டுடுவ."

நான் அனுமதி எழுதிய பாறையும் அதுதான். இருவரும் ஓடினோம். பாறையில் துளைபோட்டு வெடிமருந்து அடைத்திருந்தார்கள்.

"நிறுத்துங்க சார், மொத்தமே பதினாலு பதினஞ்சுதான்," என்றேன் சாலைப் பொறியாளரிடம்.

"நாப்பத்திரண்டுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப அதே மாதிரி எழுதிக் கொண்டாங்க. முத்திரையோட."

முழங்காலில் தாளை வைத்து அங்கேயே எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. முத்திரை அலுவலகத்தில், அலுவலகம் பூட்டு, சாவி வைத்திருக்கும் அதிகாரி ஊரில் இல்லை. பொறியாளர் தாளை வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தார். "தள்ளிப் போங்க சார், கல் தெறிக்கும்."

தெறித்தது.

புழுதி அடங்கியதும் அக்கா கல்லைப் புரட்ட ஆரம்பித்தாள். "வேரோட ஒண்ணாவது இருக்கும்டா," என்று சொல்லிக்கொண்டே புரட்டினாள். நசுங்கிய தண்டுகள்தான் கிடைத்தன. நகக்கண்ணில் ரத்தம் கசிந்த பிறகு நிமிர்ந்தாள்.

"வா, போலாம்."

நான் இன்னொரு கல்லைப் புரட்டினேன்.