பதினேழாம் பிளாக்கில் கருணைத் தியானம்

இறைவனின் கருணை மாறாதது. சூரியனுக்கும் ஒருநாள் வயதாகும், கருணைக்கு வயதே கிடையாது. அதை உணர்ந்து கண்மூடியவனை உலகத்தின் எந்த ஓசையும் அசைக்காது. ஞாயிறுதோறும் காலையில், சுரங்க டவுன்ஷிப்பின் பதினேழாம் பிளாக் பஜனை மண்டபத்தில் இப்படிச் சொல்லிவிட்டு, அந்த ஃபேன் சத்தம் போடுகிறது, நிறுத்துங்கள் என்பார் நல்லசாமி.

சுரங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது மகன் பிரவீன்குமாரின் குவார்ட்டர்ஸில் வாசம். பிரவீன் அதே சுரங்கத்தில் பர்மனென்ட் தொழிலாளி. அந்த ஞாயிறு அவனுக்குக் காலை ஷிப்ட்.

ஆண்டவன் அன்பில் பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற பேதமே இல்லை என்று அன்றைய உரையை அழகாக முடித்து, எல்லோரையும் கண்மூடச் செய்தார். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. பின்னாலேயே இன்னொன்று.

பக்கத்திலிருந்த மனைவி பொன்னம்மாள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"ஏங்க, மைன்ஸ் பக்கம் போகுதுங்க."

"ஆண்டவன் பாத்துக்குவான். கண்ண மூடு."

அவள் மூடவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நல்லசாமிக்கும் ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் நாற்பது பேர் அவரை நம்பிக் கண்மூடியிருந்தார்கள். கருணையை நினைக்கப் பார்த்தார். மனதில் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்தான் ஓடியது. அதன் பக்கத்தில், ஹெல்மெட் வாரை மாட்டாமல் மகன். பொன்னம்மாள் திரும்பத் திரும்ப நம்பர் போட்டுப் பார்ப்பது கேட்டது. மகன் எடுக்கவில்லை.

மூன்றாவது ஆம்புலன்ஸ் போனபோது அவர் பேரத்தில் இறங்கிவிட்டார். எவனோ ஒருவனுக்கு அடிபட்டுத்தான் தீர வேண்டுமென்றால், என்று உள்ளுக்குள் தொடங்கினார். எவனோ என்றால் கடவுளுக்குக் குழப்பமாக இருக்குமே என்று பெயரையும் சொன்னார்: மணிமாறன். மந்தாரக்குப்பத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமியின் மகன். பிரவீனோடு அதே பெல்ட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இன்னும் கல்யாணமாகவில்லை என்ற நியாயத்தையும் சேர்த்துக்கொண்டார்.

பொன்னம்மாள் திரும்பி வந்து குனிந்தாள்.

"மாக் டிரில்லாம். விபத்து நடந்த மாதிரி ஒத்திகை பாத்தாங்களாம். இப்பதான் போன எடுத்தான்."

நல்லசாமி மணியடித்தார். எல்லோரும் கண்விழித்தார்கள். அவர் கன்னத்திலிருந்த ஈரத்தைப் பார்த்துச் சிலருக்கு உள்ளம் உருகிவிட்டது. ஆதிலட்சுமி எழுந்து வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"வண்டி சத்தம் கேட்டதுலேர்ந்து ஒங்க புள்ளைக்குத்தான் வேண்டிக்கினு இருந்தேங்க."

"உங்க பையனுக்கு வேண்டிக்கலையா?" என்றார் நல்லசாமி.

மணிமாறனுக்கு அன்று வார விடுமுறை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.